பெரியப்பாவுக்கு வணக்கம் வைக்கும் மீன்கள்

ஏப்ரல் 27, ஞாயிறு

பெண்பிள்ளை ராத்திரியில் எழுதினால் அது லெட்டர்தான் என்பது பெரியப்பாவின் கண்டுபிடிப்பு. அதனால் அவர் குறட்டை விடும்போது மட்டும் எழுதுகிறேன். குறட்டை நின்றால் டார்ச் அணையும், நோட்டு பாய்க்கு அடியில் போகும். அவர் கூடத்தில் படுக்கிறார். நானும் அம்மாவும் உள்ளறையில். நடுவில் இருக்கும் கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது.

பெரியம்மா இறந்த பிறகு பெரியப்பாவுக்கு எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. அம்மா சமைப்பாள், நான் பரிமாறுவேன். மூத்தார் முன்னால், அதாவது புருஷனுடைய அண்ணன் முன்னால், ஒரு பெண் நிற்கக்கூடாது, நேருக்கு நேர் பேசக்கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். பேசினால் என்ன ஆகும் என்று யாரைக் கேட்டாலும் தெரியவில்லை. இத்தனை வருடமாக அம்மா இந்த மனிதருக்குச் சோறு வடிக்கிறாள். அவரை என்ன முறை வைத்துக் கூப்பிடுவது என்றுகூட அவள் யோசித்திருக்கமாட்டாள். தேவையே வந்ததில்லை.

அம்மா சொல்ல வேண்டியதைச் சமையலறையில் என்னிடம் சன்னமாகச் சொல்வாள். நான் கூடத்துக்குப் போய் அவரிடம் சொல்வேன். அவர் பதிலை என்னிடம் சொல்வார், ஆனால் தெருவுக்கே கேட்கும்படி. பள்ளிக்கூடத்தில் தபால்துறை பற்றிப் பாடம் வந்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் வீட்டில் அதற்குச் சீருடைகூடத் தருவதில்லை.

இன்று மத்தியானச் செய்தி: "கோபிகா, பெரியப்பாட்ட சொல்லு. குளத்துத் தண்ணி பச்சைப்பசேல்னு கொழகொழன்னு ஆயிட்டு. இனிமே சாணி கரைச்சு ஊத்தக்கூடாதுன்னு."

நான் போய்ச் சொன்னது: "சாணி கொஞ்சம் கொறைச்சுக்கலாமான்னு அம்மா கேக்குறாங்க பெரியப்பா."

"உங்கம்மாட்ட சொல்லு," என்றார், வாயில் சோறோடு. "சாணி போட்டாத்தான் பாசி. பாசி இருந்தாத்தான் மீனு. சாம்பாரைத் தண்ணியா வைக்கிறவளுக்குக் குளத்தைப் பத்தி என்னா தெரியும்."

இரண்டு பக்கத்தையும் நான் கொஞ்சம் வழவழப்பாக்கித்தான் கொடுக்கிறேன். பயந்துகொண்டு இல்லை. அது ஒரு நாகரிகம். போன மாதம் ஒரு செய்தியை அப்படியே சொன்னேன். அதற்கு என்ன கிடைத்தது என்று என் இடது காதைக் கேட்டால் சொல்லும்.

ஏப்ரல் 30, புதன்

குளத்தைப் பற்றி எழுதிவைக்க வேண்டும். தென்னந்தோப்பில் அப்பாவின் பங்கில் வெட்டிய குளம். அப்பா சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வேலை பார்க்கிறார். வைகாசி முடிவதற்குள் வேலை பர்மிட்டைப் புதுப்பிக்கிறாரா இல்லையா என்று அங்கே சொல்ல வேண்டும். போன பொங்கலுக்கு வந்தபோது, "இந்த வெயில் காலத்தைக் குளம் தாண்டிட்டுன்னா நான் ஊரோட நின்னுக்குறேன்," என்றார். என் தலையில் கைவைத்துச் சொன்னார். புதுப்பித்தால் இன்னும் இரண்டு வருடம். அப்போது நான் பள்ளிக்கூடமே முடிக்கப்போகிறவளாக இருப்பேன்.

குளத்தைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு பெரியப்பாவுக்கு. அதற்காக அவரை மீன் வளர்ப்புப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். பிரியாணியும் ஒரு துணிப்பையும் கொடுத்தார்களாம். பிரியாணியில் கறி போதவில்லை என்று ஒரு வாரம் பேசினார். பயிற்சியைப் பற்றி ஒரு நாளும் பேசவில்லை. பையில் இப்போது வெற்றிலை வைத்திருக்கிறார். பைக்குள் இருந்த துண்டுப் பிரசுரத்தை அம்மா எடுத்துக்கொண்டாள். அடுப்பு பக்கத்தில் வைத்துப் படித்துப் படித்து அதில் எண்ணெய்க் கறை.

இன்று விடிந்ததும் பெரியப்பா கூட்டாளி செல்லத்துரையைக் கூட்டிக்கொண்டு குளத்துக்குப் போனார். நான் மாட்டுக்குப் புல் அறுக்கப் போயிருந்தேன். கட்லா மீன்களெல்லாம் தண்ணீருக்கு மேலே வாயை நீட்டித் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன.

"பாத்தியாப்பா," என்றார். "நான் கரையில காலு வச்சாப் போதும். ஆளு தெரிஞ்சுக்கிட்டு வந்து வணக்கம் வைக்குதுவ."

"எலெக்சன்ல நின்னாக்கூட ஒனக்கு இவ்வளவு பேரு வரமாட்டானுவ," என்றார் செல்லத்துரை.

பெரியப்பா கூடை நிறையத் தவிடும் கடலைப் புண்ணாக்கும் அள்ளி வீசினார். மீன்கள் தின்னவில்லை. வாயைத் திறந்தபடியே இருந்தன. அதை செல்போனில் வீடியோ எடுத்து அப்பாவுக்கு அனுப்பினார். தன் கையும் கூடையும் வருகிறமாதிரி எடுத்தார்.

மே 4, ஞாயிறு

கத்திரி தொடங்கிவிட்டது. மின்விசிறி சூட்டை அள்ளி அள்ளி நம் மேலேயே போடுகிறது. வீடியோவைப் பார்த்துவிட்டு அப்பா கைகூப்பும் பொம்மை நான்கு அனுப்பியிருக்கிறார்.

மே 7, புதன்

அம்மா இன்று நீளமான செய்தி கொடுத்தாள். சொன்னதை இங்கே அப்படியே எழுதுகிறேன்.

"வெயிலு ஏற ஏறத் தண்ணியில காத்து நிக்காது. பாசி பகல்ல காத்து கொடுக்கும், ராத்திரியில அதுவே எடுத்துக்கும். அதான் மீனு விடியக்காலத்துல மேல வந்து மூச்சுக்கு வாயத் தொறக்குது. அது பசி இல்ல. தீனியைப் பாதியாக் கொறைக்கணும், சாணியை நிறுத்தணும். பெரிய மீனுல கொஞ்சத்தைப் புடிச்சு வித்து எடம் விடணும். விடியறதுக்கு முந்தி ஆயில் என்ஜினைப் போட்டுக் குளத்துத் தண்ணியையே எறைச்சு ஒசரத்துலேருந்து குளத்துலயே கொட்டணும். அடுத்து வரப்போற நாளுதான் ஆபத்து. சொல்லுவியாடி?"

"சொல்றேன்," என்றேன்.

பெரியப்பா கயிற்றுக்கட்டிலில் படுத்து விசிறிக்கொண்டிருந்தார். சொன்னேன். அதாவது, என்ஜின் பாகத்தை மட்டும் சொன்னேன். மற்றதைப் பிறகு சொல்லலாம் என்று இருந்தேன். ஒரே நாளில் எல்லாவற்றையும் சொன்னால் யாருக்கும் மனதில் நிற்காது, எங்கள் அறிவியல் டீச்சரே சொல்லியிருக்கிறார்.

பெரியப்பா எழுந்து உட்கார்ந்து சிரித்தார். "கொளத்துத் தண்ணிய மொண்டு கொளத்துலயே ஊத்தணுமா. டீசலைக் கொட்டி. உங்கம்மாட்ட சொல்லு, சோத்தை எடுத்துத் திரும்பப் பானையிலயே போடுறமாதிரி இருக்குன்னு. வெயிலு தலைக்கேறிட்டு அவளுக்கு." பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "இதெல்லாம் அவ சொன்னதா, நீயா சேக்கிறியா?" என்று கேட்டார். கையிலிருந்த விசிறியைக் கீழே வைத்தார்.

"தெரியாம கேட்டாங்க பெரியப்பா," என்றேன்.

சமையலறைக்குத் திரும்பியபோது அம்மா முதுகைக் காட்டிக்கொண்டு பருப்பு களைந்துகொண்டிருந்தாள். "எல்லாத்தையும் சொன்னியா?" என்று கேட்டாள். சொல்லிவிட்டேன் என்றேன். அவள் தண்ணீரை மாற்றினாள். பருப்பை மறுபடியும் களைந்தாள்.

இந்த அம்மாவைப் பார்த்தால் எரிச்சலாக இருக்கிறது. இவ்வளவு தெரிந்தவள் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு என்னை முன்னால் தள்ளுகிறாள். கோழை. இந்த வீட்டில் தைரியம் உள்ள ஒரே ஆள் நான்தான்போல.

குறட்டை நின்றுவிட்டது

மே 8, வியாழன்

தண்ணீர் குடிக்க எழுந்தாராம். என் நெஞ்சு அடித்த அடிக்கு நோட்டே குதித்திருக்கும். இந்த வெயிலில் யாருக்கும் படபடப்பு வரத்தான் செய்யும்.

மே 11, ஞாயிறு

அப்பா கூப்பிட்டார். ஞாயிற்றுக்கிழமை அழைப்பு முதலில் பெரியப்பாவுக்கு. ஸ்பீக்கரில் போட்டுப் பேசுவார், எதிர்வீட்டுக்காரருக்கும் சேர்த்து.

"அண்ணே, வீடியோவை ரூம்ல எல்லாருக்கும் காட்டினேன். மீனு அப்படியே கொதிக்கிது."

"ஒன் அண்ணன் பாக்குற கொளம்டா. கவலைய விடு."

பிறகு என்னிடம் போன் வந்தது. "பாப்பா, குளம் எப்படியிருக்கு?" என்று அப்பா கேட்டார். பெரியப்பா எதிரில் உட்கார்ந்து காது குடைந்துகொண்டிருந்தார். "நல்லாருக்குப்பா," என்றேன். வேறு என்ன சொல்வதாம். அம்மாவுக்கு வந்தபோது அப்பாவின் போனில் காசு தீர்ந்துபோய்விட்டது. ஒவ்வொரு வாரமும் அம்மாவுக்கு வரும்போதுதான் தீரும்.

குளத்து ஓரத்தில் இன்று ஒரு கட்லா மல்லாந்து கிடந்தது. பெரியப்பா அதைக் குழம்புக்குக் கொடுத்தார். அம்மா அதைத் தொடாமல் தூக்கி வெளியே போட்டுவிட்டு முட்டைக் குழம்பு வைத்தாள். காரணம் கேட்டு எனக்குத்தான் ஒரு சத்தம். பூனை தூக்கிவிட்டது என்றேன். பூனை வழக்குப் போடாது.

மே 14, புதன்

காலையிலிருந்து வானம் மூடிக்கொண்டது. மழை இல்லை, காற்று இல்லை, தென்னை ஓலை ஒன்றுகூட அசையவில்லை. ஊரே சந்தோஷமாக இருந்தது. வெயில் இல்லை என்று பெண்கள் வாசலில் உட்கார்ந்து பேன் பார்த்தார்கள். டீக்கடையில் பெரியப்பா, தான் வேண்டிக்கொண்டதால்தான் மேகம் வந்தது என்கிறமாதிரி உட்கார்ந்திருந்தார்.

அம்மா மட்டும் குளத்துக்கும் வீட்டுக்குமாக நடந்துகொண்டிருந்தாள். கடைசியில் என் இரண்டு தோளையும் பிடித்தாள்.

"இன்னைக்குப் பூரா வெயிலே இல்ல. பாசி காத்தே கொடுத்திருக்காது. விடியும்போது குளத்துல மூச்சுக்கு ஒண்ணும் இருக்காது. இப்பவே போயி பெரியப்பாட்ட சொல்லு. விடியக்காலம் என்ஜின் ஓடணும். தீனி போடவே கூடாது. போடி."

டீக்கடையில் ஏழெட்டு ஆண்கள். எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். பெரியப்பா, "என்னாடி?" என்றார். ஆண்கள் நடுவில் என்னை யாராவது பார்த்தால் அவருக்குப் பிடிக்காது. அவருடைய வலது கை தொடைமேல் சும்மா கிடந்தது. அந்தக் கையையே பார்த்துக்கொண்டு சொன்னேன்:

"ராத்திரிக்குத் தோசையா உப்புமாவான்னு அம்மா கேட்டாங்க."

"இதுக்கு ஒரு தூது," என்று செல்லத்துரை சிரித்தார்.

"தோசை," என்றார் பெரியப்பா. "உங்கம்மாட்ட சொல்லு, முறுகலா."

வீட்டுக்கு வந்து, "சொல்லிட்டேன். சரின்னாரு," என்றேன். அம்மா என் முகத்தைப் பார்த்தாள்.

ராத்திரி தோசை ஊற்றினாள். முறுகலாக. நான் அவளிடம் தோசையைப் பற்றி எதுவுமே சொல்லவில்லை. எப்படியோ அவளுக்கே தோன்றியிருக்கிறது.

மே 15, வியாழன்

இன்று நடந்ததை முழுதாக எழுதிவிட வேண்டும்.

விடியும் முன் விழித்தபோது பக்கத்தில் அம்மா இல்லை. தோப்புக்கு ஓடினேன். குளம் முழுக்க வாய். கட்லா, ரோகு, மிர்கால், எப்போதும் அடியிலேயே கிடக்கும் மீன்கள்கூட மேலே வந்து வாயைத் திறந்திருந்தன. தண்ணீரே தெரியவில்லை. பெரிய கட்லாக்கள் பக்கவாட்டில் சாய்ந்து மிதந்தன. அம்மா இடுப்பளவு தண்ணீரில் நின்று தென்னை மட்டையால் தண்ணீரை அடித்துக்கொண்டிருந்தாள். அடித்த இடத்தில் மட்டும் தண்ணீர் கொஞ்சம் நுரைத்தது. குளம் பெரிது. அம்மா ஒரு ஆள்.

பெரியப்பா செல்லத்துரையோடு வந்தார். இடுப்பில் புண்ணாக்குக் கூடை. ஓரத்துத் தென்னைகளின் இருட்டில் அம்மா தண்ணீரில் நின்றதை முதலில் அவர் பார்க்கவில்லை.

"அடேங்கப்பா," என்றார். "குளிர்ச்சிக்கு என்னா பசி பாரு. ஒண்ணு விடாம வந்திருக்குதுவ." கூடைக்குள் கையை விட்டார்.

அம்மா கரையேறினாள். சேலையிலிருந்து தண்ணீர் ஒழுக நேராக அவர் முன்னால் வந்து நின்றாள். தலையில் முக்காடு இல்லை.

"அந்தக் கூடையைக் கீழ வைங்க," என்றாள்.

எந்த முறையும் வைக்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்தே சொன்னாள். அவர் சட்டென்று என் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"கோபிகா, உங்கம்மாட்ட சொல்லு. ஆம்பளைங்க நிக்கிற எடத்துல..."

நான் வாயைத் திறந்தேன்.

"அவள்ட்ட சொல்லாதீங்க. எங்கிட்ட சொல்லுங்க," என்றாள் அம்மா. "இது பசி இல்ல. மூச்சு முட்டிச் சாவுது. இதுல புண்ணாக்கைக் கொட்டினா இன்னும் சீக்கிரம் சாவும். என்ஜினைப் போடுங்க."

பெரியப்பா போடவில்லை. அவருக்குக் கால் எந்தப் பக்கம் இருக்கிறது என்றே மறந்துபோனமாதிரி நின்றார். செல்லத்துரைதான் ஓடிப்போய் கைப்பிடியைச் சுற்றினார். என்ஜின் இரண்டு தரம் இருமிவிட்டு ஓடியது. தண்ணீர் கொட்டும் குழாயைக் குளத்துக்குள் விடப்போனார். "உள்ள வேணாம், ஒசரத்துல கட்டுங்கண்ணே," என்று அம்மா கத்தினாள். தென்னங்கட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக நானும் அவளும் அடுக்கினோம். மேலே குழாயைக் கட்டினோம். தண்ணீர் மேலிருந்து சிதறி விழுந்த இடத்துக்கு மீன்கள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு வந்தன. நான் மறுகரையில் இறங்கி மட்டையால் அடித்தேன். கையில் கொப்புளம் வந்த பிறகுதான் நிறுத்தினேன்.

பெரியப்பா கடைசிவரை கூடையை இறக்கவில்லை.

நல்ல வெயில் வந்த பிறகு வாய்கள் ஒவ்வொன்றாக உள்ளே போயின. செத்த கட்லாக்களைக் கரையில் போட்டோம். ஒரு பாய் விரித்தால் கொள்ளும். மற்றவை பிழைத்துவிட்டன.

திரும்பி வரும்போது அம்மாவிடம், "நேத்து நான் சொல்லல," என்றேன்.

"தெரியும்," என்றாள். "தோசைன்னு அவரு சொன்னது தெருக்கோடி வரைக்கும் கேட்டுச்சே."

"அப்ப முந்தி சொன்னதெல்லாம்?"

"சமையக்கட்டுக்கும் கூடத்துக்கும் நடுவுல ஒரு சுவரு. எனக்கு என்னா காது செவிடா. நீ மாத்தி மாத்தித்தான் சொல்லுவ." சேலையைப் பிழிந்தாள். "நீ அடி வாங்குறதுக்கு மீனு செத்தாச் சாவட்டும்னு இருந்தேன். ஒங்கப்பா இன்னும் ரெண்டு வருசம் கழிச்சு வந்தா வரட்டும்னு இருந்தேன். நேத்து ராத்திரி படுத்தா முடியல."

அவளைக் கோழை என்று இந்த நோட்டில் எழுதியிருக்கிறேன். அடிக்கலாம் என்று பேனாவை எடுத்தேன். அடித்தால் அது இன்னும் நன்றாகத் தெரியும்.

மே 16, வெள்ளி

பெரியப்பா படுக்கவும் வரவில்லை, சாப்பிடவும் வரவில்லை. செத்த மீனைப் பற்றி ஊரில் ஒருவரும் கேட்கவில்லை, பிழைத்த மீனைப் பற்றியும் கேட்கவில்லை. குழாயடியில் என்னிடம் ஆறு பேர் கேட்டது ஒரே கேள்விதான்: உங்கம்மா மூத்தார் முகத்தைப் பார்த்துப் பேசினாளாமே. ஆமாம் என்றேன். வானம் அங்கேயேதான் இருக்கிறது என்று காட்டினேன். ஒருத்தி நிஜமாகவே நிமிர்ந்து பார்த்தாள்.

அம்மா தூக்குவாளியில் சோறு போட்டு டீக்கடைக்கு அனுப்பினாள். அவர் வாங்கிக்கொண்டார். வாளியைப் பார்க்காதமாதிரி வாங்கிக்கொண்டார்.

மே 18, ஞாயிறு

அப்பாவுக்குச் செய்தி போய்ச் சேர்ந்திருக்கிறது. வெளியே பேசக் காசு போடாமல் கிடக்கும் அம்மாவின் போனில் நேராக என்னையே கூப்பிட்டார்.

"பாப்பா, உங்கம்மா பெரியப்பாவை நாலு பேரு முன்னாடி எதுத்துப் பேசினாளா?"

"மீனு செத்துக்கிட்டு இருந்துச்சுப்பா."

"மீனைப் பத்திக் கேக்கல. அண்ணன் போன்ல அழுவுறாரு. உங்கம்மாட்ட சொல்லு..."

அம்மா என் எதிரில்தான் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அப்பாவின் போனில் இன்று காசு இருந்தது. அப்பாவுக்கும் அவளிடம் பேச ஆள் வேண்டியிருக்கிறது. கடல் தாண்டியும் எனக்கு இதே உத்தியோகம்தான்.

"நீங்களே சொல்லுங்கப்பா," என்றேன். ஸ்பீக்கரைப் போட்டுப் போனை அம்மாவிடம் கொடுத்தேன். போன் என் கையில் வழுக்கியது. வெயிலால் என்று எழுத வந்தேன். இன்று சாயங்காலம் வெயிலே இல்லை.

அப்பா நிறையப் பேசினார். அம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு கீரையை ஆய்ந்தாள். பிறகு அவர் நிறுத்தினார்.

"வீடியோவுல நல்லாத்தானே இருந்துச்சு," என்றார்.

"அது சாவுற மீனு. நல்லாருக்குற மீனு மேல வந்து நிக்காது."

"இப்ப மீனு தெரியுதா?"

"தெரியல."

"அப்ப நல்லதா?"

"நல்லது."

அப்பா இருமினார். பர்மிட் காகிதம் வந்து மேசைமேல் கிடக்கிறது என்றார்.

"கையெழுத்துப் போடாதீங்க," என்றாள் அம்மா. "குளம் வெயிலைத் தாண்டிரும். நான் பாத்துக்குறேன். நீங்க வாங்க."

"அண்ணன் மொகத்துல எப்படி முழிப்பேன்?"

"அவருக்கு நான் மூணு வேளையும் சோறு அனுப்புறேன். அதைவிட என்னா மரியாதை."

அதற்குமேல் அவர்கள் தண்ணீர் ஆழத்தைப் பற்றியும் சுண்ணாம்பைப் பற்றியும் பேசினார்கள். என்னைப் பற்றிக்கூட அவர்கள் இவ்வளவு நேரம் பேசியதில்லை. கையெழுத்துப் போடமாட்டேன் என்று அப்பா சொல்லவில்லை. போடுவேன் என்றும் சொல்லவில்லை.

மே 22, வியாழன்

அப்பா கையெழுத்துப் போடவில்லை. ஆனி பிறந்ததும் வருகிறார். செய்தி அம்மாவின் போனுக்கு வந்தது. என்னிடம் அவள் காட்டினாள்.

இன்று மத்தியானம் பெரியப்பா சாப்பிட வந்தார். டீக்கடை பெஞ்சில் வாளியை வைத்துச் சாப்பிடுவது அவருடைய கௌரவத்துக்கு ஆகவில்லையாம், செல்லத்துரை சொன்னார். வந்து தன் இடத்தில் உட்கார்ந்தார். நான் தலைவாரிக்கொண்டிருந்தேன். அம்மா கதவுக்குப் பின்னால் போகவில்லை. சோற்றுப் பானையை எடுத்துவந்து அவளே பரிமாறினாள். அவர் தட்டைத் தவிர வேறு எதையும் பார்க்கவில்லை.

பாதிச் சோற்றில், "கோபிகா," என்றார். "வானம் மூட்டமா இருக்கு. நாளைக்கு விடியக்காலம் என்ஜின் போடணும். உங்கம்மாட்ட சொல்லு."

அவருடைய வலது கை எங்கே இருக்கிறது என்று பார்த்தேன். சோற்றில் இருந்தது.

"அம்மா இந்தாதானே நிக்கிறாங்க பெரியப்பா," என்றேன். சீப்பை எடுத்து மறுபடியும் வாரினேன். ஏற்கனவே வாரிய பக்கத்தையே வாரினேன்.

மோர் ஊற்றும் வரை அவர் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார். பிறகு தொண்டையைச் செருமினார். சுவரில் மாட்டியிருக்கும் காலண்டரைப் பார்த்துச் சொன்னார்:

"என்ஜின் போடணும்."

"டீசல் வாங்கி வச்சாச்சு," என்றாள் அம்மா.